எத்தனையாவது என்று எழுதாதே

ஈப்போ

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். மாவட்டக் குறுக்கோட்டத்தில் பதினொன்றாவதாக வந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா போனில் சொன்னாள். அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னாள்: போன வருடம் தேயிலைச் சரிவு ஏற்றத்தில் மூச்சு வாங்கி நடந்த பெண், இந்த வருடம் நிற்காமலே ஏறிவிட்டாளாம். இதை ஏனம்மா நீ யாரிடமும் சொல்லவில்லை?

நம் நாட்டு ஓட்ட வீரர் டாக்டர் ஜெகதீசனைப் பற்றிப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். பதினாறு வயதில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். ஊரெல்லாம் அந்தத் தங்கங்களைத்தான் பேசும். எனக்குப் பிடித்தது வேறு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் 200 மீட்டரில் அவர் அரையிறுதியோடு நின்றுவிட்டார். பதக்கம் இல்லை, இறுதி ஓட்டமும் இல்லை. ஆனால் அங்கே அவர் ஓடிய 20.92 வினாடியை மலேசியாவில் 2017 வரை எவராலும் முந்த முடியவில்லை. நாற்பத்தொன்பது வருடம்! (மெக்சிகோ நகரம் உங்கள் ஊர் தானா ராத்தாவைவிட உயரம், மெல்லிய காற்று குறுகிய தூர ஓட்டத்துக்குக் கைகொடுக்கும், உன்னைப் போல நெடுந்தூரம் ஓடுபவர்களை வாட்டும். ஏற்றத்தில் உனக்கு மூச்சு முட்டினால் அது உன் குறையல்ல.)

நம் பூப்பந்து ஆட்டக்காரர்கள் தீனாவும் பெர்லியும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார்கள். வெண்கலம் போச்சே என்று காப்பிக்கடையில் பலர் முகம் சுளித்தார்கள். மலேசிய மகளிர் இரட்டையர் அதற்குமுன் ஒலிம்பிக் அரையிறுதியையே பார்த்ததில்லை என்பது அவர்களுக்கு நினைவில்லை. அடுத்த வருடமே அதே ஜோடி உலகப் போட்டியில் வெள்ளி வென்றது.

உன் பாட்டி கொழுந்து பறித்த காலத்தில் சாயங்காலம் நிறுவை நடக்கும். அதிகம் பறித்தவள் பெயரைத்தான் மண்டோர் உரக்கச் சொல்வார். பாட்டி அதைக் காதில் வாங்கமாட்டாள். நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, கூடியிருந்தால் வழியெல்லாம் பாடிக்கொண்டே லயத்துக்கு வருவாள். ஓட்டக்காரிக்கு அதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

குறுக்கோட்டப் பாதை இடத்துக்கு இடம் மாறும், அதனால் ஒரு போட்டியின் நேரத்தை இன்னொன்றோடு ஒப்பிடாதே. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஏற்றத்தைத் தேர்ந்தெடு. வாரம் ஒருமுறை ஓடி நேரத்தைக் குறித்து வை. குறைந்தால் அப்பாவிடம் ரொட்டி சானாய் வாங்கித் தரச் சொல், மாமா சொன்னார் என்று சொல். குறையாத வாரமும் வரும், மழையில் மண் வழுக்கும், அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். உன்னோடு ஓடிய தோழி மாநிலப் போட்டிக்குப் போகிறாள் அல்லவா? அவளை வழியனுப்பப் போ, கைதட்டு. அவள் ஓடுவதைப் பார்த்து மகிழத் தெரியாவிட்டால் உனக்கு ஓட்டமே சலித்துவிடும்.

உன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை: பதக்கப் படத்தை மட்டும் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவதை அவர் நிறுத்தட்டும். சேறு பூசிய காலணியோடு நீ சிரிக்கும் படத்தையும் போடலாம்.

பதில் எழுது. எத்தனையாவது என்று எழுதாதே. அந்த ஏற்றத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுது.

அன்புடன்,
மாமா