மழைக்காலப் பச்சையும் செம்மறியின் வயிறும்

ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் காலி மனையையும் ஏரிக்கரையையும் நம்பி நாலைந்து செம்மறி வளர்ப்பவர்கள் இன்றும் உண்டு. ஐப்பசி மழை விழுந்ததும் எங்கும் பச்சை. ஆடு வயிறு முட்ட மேய்ந்தும் உடம்பு பிடிக்கவில்லை, கழிச்சல் வேறு என்றால், முதலில் புல்லின் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள்.

1. தீவனத்தைக் கட்டுக் கணக்கில் பார்க்காதீர்கள். 25 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு முக்கால் முதல் ஒரு கிலோ வரை உலர் எடையில் தீவனம் வேண்டும். இளம்புல்லில் 80 சதவீதம் தண்ணீர். 4 கிலோ தின்றால்தான் 800 கிராம் தேறும். மழையில் நனைந்த புல் என்றால் அதுவும் தேறாது. வயிறு நிறைந்துவிடும், சத்து நிறையாது.

2. விடிந்ததும் அவிழ்த்து விடாதீர்கள். பனி ஈரத்தில் குடற்புழுவின் இளம்புழுக்கள் புல்லின் மேல் ஏறியிருக்கும். வெயில் ஏறிப் புல் உலர்ந்த பிறகு மேய்ச்சலுக்குப் போகட்டும்.

3. அனுப்பும் முன் ஆளுக்கு ஒரு பிடி காய்ந்த கடலைக்கொடியோ வைக்கோலோ போடுங்கள். எல்லாக் குறிப்பிலும் இதுதான் முக்கியம். நார்த்தீவனத்தை மென்று அசைபோடும்போதுதான் உமிழ்நீர் நன்றாக ஊறும். முதல் வயிற்றில் சேரும் புளிப்பை முறிப்பது அந்த உமிழ்நீர்தான். வெறும் இளம்பச்சையில் அசைபோடும் வேலை குறைவு. பசி அடங்கிப் போகிற ஆடு ஈரத்தழையை அள்ளி விழுங்காது என்பது கூடுதல் லாபம்.

4. அறுத்து வந்த புல்லை நிழலில் பரப்பி அரை நாள் வாட விடுங்கள். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். குதிரைமசால், காராமணிக்கொடி போன்ற பயறுவகைத் தழைகளுக்கு இது கட்டாயம். ஈரத்தோடு தனியாகப் போட்டால் வயிறு உப்பும்.

5. கோயம்பேட்டிலிருந்து மூட்டையாக வரும் கோஸ் இலை கிட்டத்தட்ட தண்ணீர்தான். நொறுக்குத்தீனி அளவோடு நிறுத்துங்கள். ஓட்டலில் மிஞ்சிய சோறு அதைவிட மோசம், புளித்துப் போய் ஆட்டைச் சாய்த்துவிடும்.

6. இளஞ்சோளப் பயிர் பக்கம் விடவே வேண்டாம். அதில் நஞ்சு உண்டு. பூத்த பிறகு அறுத்துப் போடலாம்.

7. பரணில் வைக்கும் கடலைக்கொடி காய்ந்ததா என்று பார்க்க, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய கொடியையும் வறுத்து ஆறிய உப்பையும் போட்டு மூடிக் குலுக்குங்கள். சற்று நேரத்தில் உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. இன்னும் வெயில் காட்டுங்கள். பூசணம் பிடித்ததைக் குப்பையில் போடுங்கள், ஆட்டுக்கு வேண்டாம்.

8. காய்ந்த தீவனத்திலிருந்து பச்சைக்கு ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பழக வேண்டும். கொழுத்த குட்டிகளைத் திடீரென்று சாய்க்கும் துள்ளுமாரி நோய்க்கு மழைக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள்.

9. கோடையில் கணக்கு தலைகீழ். வெறும் காய்ந்த தீவனம் என்றால் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். தொட்டி வற்றினால் தீனியும் குறையும்.

10. தினமும் புழுக்கையைப் பாருங்கள். உருண்டை உருண்டையாக விழுந்தால் நல்லது. ஒட்டிக் கட்டியாக வந்தால் பச்சையைக் குறைத்து வைக்கோலைக் கூட்டுங்கள். இடப்பக்கம் உப்பி மூச்சு வாங்கினால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.