மன்னாரில் மருத்துவ ஊழியம்: முதன்முறை செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தங்கித் தமிழ் கற்றார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியராக்கினார். அவர் ஊர் திரும்பிய பிறகும் நோயாளிகளைப் பார்க்க ஆள் இருந்தது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து மன்னாருக்கு ஊழியம் செய்ய வரும் திருச்சபைக் குழுக்கள் அவரை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும். நீங்கள் விமானம் ஏறிய பின் அந்த நோயாளியை யார் பார்ப்பது? ஆயத்தம் இந்தக் கேள்வியில் தொடங்கட்டும்.

படி 1: அனுமதி

பயணச்சீட்டு வாங்குமுன் இதை முடியுங்கள். வெளிநாட்டு வைத்தியருக்கு இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு வேண்டும். சுற்றுலா விசாவை நம்பி வராமல், உங்கள் பணிக்கு எந்த விசா பொருந்தும் என்று விசாரியுங்கள். மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதி, எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை என்று கேளுங்கள். உங்களை வரவேற்கும் பங்குத்தந்தையோ போதகரோ அந்தக் கடிதத்தில் சேர்ந்து கையொப்பமிடட்டும்.

படி 2: மருந்து

சூட்கேசில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். மருந்து கொண்டுவர தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி தேவை. நன்கொடை மருந்து வந்துசேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். என் கருத்தில், பணத்தைக் கொண்டுவந்து இங்கேயே வாங்குவதுதான் நல்லது. மன்னார் ஆஸ்பத்திரியில் கிடைக்காத குளிசையை நீங்கள் தொடங்கிவைத்தால், அது தீர்ந்ததும் சிகிச்சையும் நின்றுவிடும்.

படி 3: காலமும் நேரமும்

ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மழை. தாழ்நிலக் கிராமங்களுக்குப் போவது கடினம். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். ஊரே மடுவில் இருக்கும். பேசாலை, வங்காலை போன்ற மீனவக் கிராமங்களில் கடலுக்குப் போனவர்கள் எப்போது கரை திரும்புவார்கள் என்று கேட்டு நேரம் வையுங்கள். இல்லையென்றால் ஆண்களைப் பார்க்கவே மாட்டீர்கள். எருக்கலம்பிட்டியில் வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரம், அதை விட்டுவிடுங்கள்.

படி 4: உங்கள் காய்ச்சலைக் கவனியுங்கள்

இதைப் பலர் யோசிப்பதில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், நகர்ப்புறங்களிலும் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. நுளம்பு இருக்கிறது, கிருமி இல்லை. அந்தக் கிருமியை வெளியிலிருந்து வருகிறவர் உடம்பில் கொண்டுவரலாம். இந்தியாவிலோ ஆபிரிக்காவிலோ தங்கிவிட்டு வரும் குழு உறுப்பினருக்குக் காய்ச்சல் கண்டால், டெங்கு என்று ஊகித்துப் பரசிட்டமோலுடன் படுக்கவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரியில் மலேரியா இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். புறப்படுமுன்பே தடுப்பு மருந்து பற்றியும் உங்கள் வைத்தியரிடம் பேசுங்கள்.

படி 5: மருத்துவ முகாம் நாள்

பிரஷர், சீனி வருத்தம், கண் புரை, மூட்டு நோ ஆகியவற்றுக்கு ஆயத்தமாக வாருங்கள். நோயாளியிடம் கிளினிக் கொப்பி (அரச கிளினிக்கில் அவர் சிகிச்சையைப் பதியும் கொப்பி) இருந்தால் முதலில் அதைப் படித்து, நீங்கள் கண்டதை அதிலேயே தெளிவாக எழுதுங்கள். கொப்பி இல்லாதவர்களை அருகிலுள்ள அரச கிளினிக்குக்குக் கடிதத்துடன் அனுப்புங்கள். அந்தக் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். யார் வீட்டில் படுக்கையில் கிடக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

படி 6: ஜெபம்

குழுவாக விடியலில் ஜெபியுங்கள். சிகிச்சை வரிசையில் துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். மன்னாரில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் திருக்கேதீச்சரத்தானை வணங்கும் சைவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மருந்துக்காகக் காத்திருப்பவரால் மறுத்துப் பேச முடியாது. அவராகக் கேட்டால் மட்டும் அவருக்காக ஜெபியுங்கள்.

படி 7: திரும்பிய பின்

மேற்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் பட்டியலை, அவர்கள் சம்மதத்துடன், சுகாதார அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு மாதம் கழித்து அழைத்து, எத்தனை பேர் கிளினிக்குக்குப் போனார்கள் என்று கேளுங்கள். பஸ் காசு இல்லாமல் போகாதவர்கள் இருப்பார்கள்; அடுத்த பயணத்துக்குச் சேர்க்கும் பணத்தில் முதல் பங்கை அவர்களுக்கு அனுப்புங்கள்.