சாங்கியும் செங்கால் மரமும்

ஜொகூரில் தாத்தா வீட்டு அஞ்சடியில் ஒரு நீளமான கட்டை கிடந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பெஞ்சு. தாத்தா கம்பிச்சடக்கு வேலை செய்தவர். கழித்துப் போட்ட பழைய சிலிப்பர் கட்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாராம். "இது செங்கால் கட்டைடா, உன் பிள்ளைக்கும் உழைக்கும்" என்பார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் காதில் அது 'செங்கல்' என்றே விழுந்தது. கட்டை எப்படிச் செங்கல் ஆகும் என்று நெடுநாள் குழம்பியிருக்கிறேன். இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகுதான் 'செங்கால்' ஒரு மலாய்ச் சொல் என்றும் அது ஒரு மரத்தின் பெயர் என்றும் தெரிந்தது.

தாத்தா மறைந்த பின் குடும்பம் வீடு மாறியது. அப்போது நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழக மாணவன். "கட்டை கறுத்து வெடித்துப்போச்சு, செல்லரிச்சிருக்கும், குப்பை லாரியில் போட்டுவிடலாம்" என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். அந்தக் கட்டையைப் பற்றித் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

கனம் எங்கிருந்து வருகிறது?

செங்கால், மலாய்த் தீபகற்பக் காடுகளுக்கே உரிய மரம். இதன் அறிவியல் பெயர் நியோபாலனோகார்ப்பஸ் ஹைமீ. காற்றில் உலர்ந்த செங்கால் பலகை ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 915 முதல் 980 கிலோ எடை இருக்கும். தண்ணீர் 1,000 கிலோ. ரப்பர் மரம் சுமார் 600 கிலோதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் தடிப்புள்ள கட்டையின் பருமன் 0.06 கன மீட்டர். அது செங்காலாக இருந்தால் எடை 57 கிலோ. ரப்பராக இருந்தால் 36 கிலோ. ஒரே அளவுக்கு ஏன் இந்த வேறுபாடு? மரத்தின் உயிரணுச் சுவர் எந்த மரமானாலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி கொண்டது. கன மீட்டருக்குச் சுமார் 1,500 கிலோ. அச்சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் மரத்துக்கு மரம் மாறுகிறது. செங்காலில் சுவர் தடிப்பு, வெற்றிடம் குறைவு.

கனமும் உழைப்பும் ஒன்றா?

கனமான மரமெல்லாம் நீடித்து உழைக்கும் என்று நாம் நினைக்கிறோம். இது தவறு. கெம்பாஸ் மரமும் கனமானதுதான். ஆனால் மருந்தேற்றாமல் மண்ணில் புதைத்தால் கறையானுக்கு இரையாகிவிடும். தண்டவாளத்துக்குக் கெம்பாஸ் கட்டையை மருந்தேற்றியே பயன்படுத்தினார்கள். செங்காலுக்கு அது தேவைப்படவில்லை. மரம் முதிரும்போது அதன் நடுப்பகுதியில் படியும் பொருள்கள் பூஞ்சைக்கும் கறையானுக்கும் ஒவ்வாதவை. அந்த நடுப்பகுதியைத்தான் தமிழில் வைரம் என்கிறோம். 'வைரம் பாய்ந்த கட்டை' என்ற வழக்கு அறிவியலுக்கும் பொருந்துகிறது. உள்ளே காழ்ப்பு உடையதை மரம் என்றும், வெளியே காழ்ப்பு உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் வகுத்திருப்பதையும் இங்கே நினைவுகூரலாம். செங்காலிலும் வெளிப்புற வெண்பகுதி விரைவில் கெட்டுவிடும். வைரம் மட்டுமே நிற்கும்.

பயன்கள்

பாலம், வீட்டுத் தூண், தண்டவாளக் கட்டை எனப் பளு தாங்கும் இடங்களில் செங்கால் பயன்பட்டது. திரங்கானுவின் டுயோங் தீவில் படகு கட்டும் கைவினைஞர்கள் இம்மரத்தையே பெரிதும் விரும்பினர். அவர்கள் வரைபடம் இல்லாமல், முதலில் வெளிப்பலகைகளை மர முளைகளால் இணைத்து, பிறகே உள்சட்டம் பொருத்துவார்கள். பலகைகளுக்கு இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து நீர்க்கசிவைத் தடுப்பார்கள். செங்காலின் பிசினுக்கு 'டாமார் பெனாக்' என்று பெயர். வார்னிஷ் செய்யப் பயன்பட்ட உயர்ந்த பிசின் அது. ஆனால் இம்மரம் மிக மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு வளர முடியாததால் இன்று அழிவை நோக்கும் இனங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது.

சாங்கியில் நடந்தது

சாங்கி என்ற ஊர்ப்பெயர் செங்கால் அல்லது செங்காய் என்ற மரப்பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து; 'சாங்கி ஊலார்' என்ற செடியிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. அங்கே 76 மீட்டர் உயரம் எனச் சொல்லப்பட்ட 'சாங்கி மரம்' ஒன்று கப்பல்களுக்கு அடையாளமாக இருந்தது. 1942இல் ஜப்பானியப் பீரங்கிகளுக்குக் குறியாகிவிடக் கூடாதென்று பிரிட்டிஷ் படையினர் அதை வீழ்த்தினர். அது எந்த இனம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இன்னொரு மரம் ஹால்டன் சாலையில் நின்றது. மலாயில் அதற்குச் 'செங்கால் பாசிர்' என்று பெயர். அறிவியல் பெயர் ஹோப்பியா சங்கால். பெயர் ஒத்திருந்தாலும் செங்கால் வேறு, இது வேறு; இதன் கட்டை செங்காலைவிட இலேசானது. சிங்கப்பூரில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட அந்த இனத்தில், 150 வயதுக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்பட்ட மரம் அது. சாங்கி 1991 முதல் மரப் பாதுகாப்பு வட்டாரம். அங்கே 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டக் கூடாது. இருந்தும் 2002 நவம்பரில் அது வெட்டப்பட்டது. கறையான் அரித்துவிட்டது, விழுந்துவிடும் என்ற அச்சமே காரணமாகச் சொல்லப்பட்டது. வெட்டியவர்களுக்கு 8,000 வெள்ளி அபராதம். அதற்கு மேல் 76,000 வெள்ளிக்கும் கூடுதலான இழப்பீடு. பணம் கட்டி முடிந்தது. 150 ஆண்டுகளை யாராலும் கட்ட முடியாது.

ஒரு சனிக்கிழமை பேருந்து ஏறி சாங்கி கிராமத்துக்குச் சென்றேன். ஹால்டன் சாலையில் வெகுநேரம் நடந்தேன். ஓங்கி நின்ற மரங்கள் பல. எனக்குப் பெயர் தெரிந்தவை இரண்டோ மூன்றோ. பெயர் தெரியாத மரம் பார்ப்பவருக்கு வெறும் மரம்தான். வெட்டும்போது கை கூசாது.

அங்கிருந்தே அப்பாவை அழைத்தேன். "தூக்கிப் போடுமுன் உளியால் ஒரு ஓரத்தை மட்டும் செதுக்கிப் பாருங்கள்" என்றேன். மறுநாள் பதில் வந்தது. சாம்பல் நிறத் தோல் சிறிதளவே. அதன் கீழே பழுப்பு நிறத்தில் கட்டை புதிதாக இருக்கிறதாம். உளிதான் மழுங்கிவிட்டதாம். கட்டை இப்போது புது வீட்டு அஞ்சடியில் கிடக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி விட்டுச்சென்ற உரலோ பலகையோ இருக்கலாம். எறிவதற்கு முன் அது என்ன மரம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.