நேரோ கேஜ் எண்ணெய் வேகன்: மாதிரி செய்யும் முன் தேட வேண்டியவை

மாதிரி ரயில் செய்பவர்களில் பலர் முதலில் கத்தியையும் பிளாஸ்டிக் தகட்டையும் எடுக்கிறார்கள். பழைய டேங்கர் வேகனைப் பொறுத்தவரை அது தவறான தொடக்கம். பெட்டி வேகனில் ஒரு பலகை கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. டேங்கர் அப்படியல்ல. உருளையின் விட்டம், ரிவெட் வரிசை, மேலே நிற்கும் டோமின் இடம், அடிச்சட்டம் இருக்கிறதா இல்லையா எல்லாமே வெளியே தெரிபவை. ஒன்று பிசகினாலும் வேகனின் முகமே மாறிவிடும். அதனால் தேடலுக்குச் செலவிடும் நேரம் கட்டுமான நேரத்தைவிட அதிகமானாலும் தகும்.

அமெரிக்காவின் கொலராடோ, நியூ மெக்சிகோ மலைகளில் ஓடிய டென்வர் அண்டு ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வேயின் மூன்று அடி இடைவெளி கொண்ட குறுகிய (நேரோ கேஜ்) பாதையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1930களின் நடுவில் கொலராடோவின் தென்பகுதியில் கிராம்ப்ஸ் எண்ணெய் வயலில் கச்சா எண்ணெய் கிடைத்தது. அது குழாய் வழியாகச் சாமா என்ற ஊருக்கு வந்து, அங்கே வேகன்களில் நிரப்பப்பட்டு, 10,015 அடி உயரமுள்ள கம்ப்ரஸ் கணவாயைத் தாண்டி அலமோசாவின் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனது. 1960களின் தொடக்கம் வரை இந்தப் போக்குவரத்து நடந்தது. நேரோ கேஜ் டேங்கர்களைப் பற்றிக் கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஓர் ஆண்டு, ஓர் எண்

'ரியோ கிராண்டே டேங்கர்' என்று பொதுவாகத் தேடினால் பொதுவான பொம்மைதான் கிடைக்கும். எந்த ஆண்டைக் காட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்த ஆண்டில் ஓடியதற்குப் படச்சான்று உள்ள ஒரே ஒரு வேகன் எண்ணைப் பிடியுங்கள். 1938இல் இருந்த வேகன் 1958இல் அதே உருவில் இருந்திருக்காது. கைப்பிடி மாறியிருக்கும், வால்வு மாறியிருக்கும், எழுத்தும் மாறியிருக்கும். எண் கையில் இருந்தால் அடுத்தடுத்த கேள்விகள் எல்லாம் கூர்மையாகிவிடும்.

இரண்டாவது, உரிமையாளர் யார்?

பலர் வழி தவறுவது இந்த இடத்தில்தான். இந்த எண்ணெய் வேகன்கள் ரயில்வேக்குச் சொந்தமானவை அல்ல, யூனியன் டேங்க் கார் கம்பெனிக்குச் சொந்தமானவை. ஸ்டாண்டர்டு ஆயில் குடும்பத்தில் யூனியன் டேங்க் லைன் என்ற பெயரில் இருந்த நிறுவனம் அது. 1911இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டாண்டர்டு ஆயில் உடைந்தபோது தனியாகப் பிரிந்து, 1919இல் இப்பெயருக்கு மாறியது. வேகனின் பக்கத்தில் யு.டி.எல்.எக்ஸ் என்ற குறி இருக்கும். கடைசி எக்ஸ் எழுத்து, வேகன் ரயில்வே அல்லாத ஒரு தனியார் உரிமையாளருடையது என்பதைக் காட்டும்.

ஆகவே ரயில்வேயின் சொந்த வேகன் வரைபடத் தொகுப்போடு தேடலை முடித்துக்கொள்ளக் கூடாது. அக்காலத்தில் ரயில்வேகளுக்காக அச்சிடப்பட்ட வேகன் பதிவேட்டில் உரிமையாளர் பெயரின் கீழ் எண் தொடர்களைப் பாருங்கள். 'கார் பில்டர்ஸ் சைக்ளோபீடியா' என்ற தொழில் நூலின் பழைய பதிப்புகளில் வால்வு, டோம் மூடி, ஏணி போன்ற உறுப்புகளின் படங்கள் கிடைக்கும். அவை பெரும்பாலும் நேரோ கேஜைவிட அகலமான வழக்கமான பாதையின் (இனி அகலப் பாதை) வேகன்களுக்கானவை. ஆனாலும் உறுப்பின் வடிவத்தைப் புரிந்துகொள்ள அவை போதும்.

இன்னொரு எச்சரிக்கை. ரயில்வே தன் பணிக்கென வைத்திருந்த தண்ணீர் டேங்கர்களும் உண்டு. அவற்றின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணெய் வேகன் என்று நினைத்து அவற்றின் படத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.

மூன்றாவது, சட்டம் இருக்கிறதா?

யூனியன் டேங்க் வேகன்களில் ஒரு வகைக்கு நடுச்சட்டமே கிடையாது. வான் டைக் வகை என்று இதைச் சொல்வார்கள். உருளைதான் உடல், அதுவேதான் முதுகெலும்பும். எஞ்சின் இழுக்கும் விசை முழுவதும் எண்ணெய்த் தொட்டியின் தகடு வழியாகவே அடுத்த வேகனுக்குப் போகும். அகலப் பாதைக்காகச் செய்த இத்தகைய வேகன்களைக் குறுகிய போகிகளின் (சக்கரத் தொகுதிகளின்) மேல் ஏற்றி மலைப்பாதைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு வகை, குறுகலான இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். தொலைவிலிருந்து எடுத்த படத்தில்கூட இவற்றைப் பிரித்தறியலாம். இரண்டு போகிகளுக்கும் நடுவே, தொட்டியின் வயிற்றுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சட்டம் இருந்தால் அங்கே நீளமாக ஒரு கோடு ஓடும். இல்லையென்றால் பிரேக் கம்பிகள் மட்டும் தொங்கும்.

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் முன் எதையும் வெட்ட வேண்டாம்.

நான்காவது, படங்களைத் தேடும் முறை

டென்வர் பொது நூலகத்தின் மேற்கத்திய வரலாற்றுப் பிரிவில் ஓட்டோ பெரி எடுத்த ரயில் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கணினித் திரையிலேயே பார்க்கலாம். கோல்டன் நகரின் கொலராடோ ரயில் அருங்காட்சியகத்திலும் ராபர்ட் ரிச்சர்ட்சன் பெயரிலான நூலகம் இருக்கிறது. 1959இல் அந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

படம் எடுத்தவர்கள் நேசித்தது எஞ்சினை. குறிப்பிலும் எஞ்சின் எண்தான் இருக்கும், வேகனைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. எனவே 'டேங்கர்' என்று தேடிப் பயனில்லை. சாமா, கம்ப்ரஸ், அலமோசா என்று ஊர்ப்பெயரால் தேடுங்கள். சரக்கு ரயில் படம் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, எஞ்சினுக்குப் பின்னால் நிற்பதைப் பாருங்கள். சாமாவிலிருந்து கணவாய்க்கு ஏறும் பாதை நூறடிக்கு நான்கு அடி உயரும். நிரம்பிய எண்ணெய் வேகன்கள் அங்கே மேல்நோக்கி இழுக்கப்பட்டன. இரட்டை எஞ்சின் புகை கக்கும் காட்சிக்காகப் பலர் அந்த ஏற்றத்தில் கேமராவோடு காத்திருந்ததால் நமக்கு வேண்டிய வேகன்களும் படத்தில் விழுந்திருக்கின்றன. ரயில் தடம் புரண்ட படங்களையும் விடாதீர்கள். வேகனின் அடிப்பகுதி தெரியும் படங்கள் அநேகமாக அவை மட்டுமே.

அலமோசா யார்டில் எடுத்த படங்களில் கவனம் தேவை. அங்கே அகலப் பாதை வேகன்களும் அருகிலேயே நிற்கும். கப்ளிங் உயரத்தைப் பாருங்கள். நேரோ கேஜ் வேகனில் அது தண்டவாளத்திலிருந்து சுமார் 26 அங்குலம், அகலப் பாதையில் சுமார் 34½ அங்குலம்.

ஐந்தாவது, படத்திலிருந்து அளவு

வரைபடம் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். நேர்ப்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படம் போதும். இந்த ரயில்வேயின் நேரோ கேஜ் சரக்கு வேகன் சக்கரத்தின் விட்டம் 26 அங்குலம். தண்டவாளத்தின் மேல்விளிம்பிலிருந்து அச்சின் நடுப்புள்ளி வரை அளந்தால் 13 அங்குலம் எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும். சக்கரத்தின் வெளிவிளிம்பை நேரடியாக அளக்காதீர்கள், நிழலும் சேறும் ஏமாற்றும்.

ஓர் உதாரணம். படத்தில் தொட்டியின் விட்டம் சக்கரத்தைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது 78 அங்குலம். வேகனின் மேல் 6,500 காலன் என்ற கொள்ளளவு எழுதியிருக்கிறது. ஒரு கன அடிக்கு 7.48 அமெரிக்க காலன், ஆகவே தொட்டிக்குள் சுமார் 869 கன அடி. 78 அங்குல வட்டத்தின் பரப்பு 33.18 சதுர அடி. வகுத்தால் நீளம் 26 அடி 2 அங்குலம். தொட்டியின் இரு முனைகளும் வெளிப்புறம் குவிந்திருப்பதால் விளிம்புக்கு விளிம்பு நீளம் கொஞ்சம் குறையும். படத்தில் அளந்த நீளமும் இந்தக் கணக்கும் ஒத்துப்போனால் நிம்மதியாக மேலே செல்லலாம். ஒத்துப்போகவில்லை என்றால் படம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கும், அல்லது நீங்கள் படித்த எண் வேறொரு வேகனுடையதாக இருக்கும். வரைபடம் கையில் இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வரைபடங்களிலும் பிழை உண்டு.

48இல் ஒரு பங்கு மாதிரியில் இந்தத் தொட்டியின் விட்டம் 41 மில்லிமீட்டரை ஒட்டி வரும், நீளம் 166 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 40 மி.மீ. பி.வி.சி. குழாயின் மேல் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றினால் ஏறக்குறைய சரியாக அமையும். சுற்றும் முன் தகட்டில் ரிவெட் புள்ளிகளைக் குத்திவிடுங்கள். எத்தனை தகடுகளை இணைத்துத் தொட்டியைச் செய்தார்கள் என்பதை ரிவெட் வரிசைகள்தான் சொல்லும். வெயில் சாய்வாக விழும் படத்தில் அவற்றை எண்ணலாம்.

ஆறாவது, எஞ்சியிருக்கும் வேகன்கள்

கம்ப்ரஸ் அண்டு டால்டெக் சுற்றுலா ரயில் பழைய பாதையில் இன்றும் 64 மைல் ஓடுகிறது. அங்கே பழைய டேங்கர்கள் நிற்கின்றன. எண்ணெய்ப் பணி முடிந்தபின் சில வேகன்கள் அலாஸ்காவின் ஒயிட் பாஸ் அண்டு யூகான் பாதைக்கும் போயின. நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் போகியின் தடிமன், போல்ட்டின் தலை, டோம் மூடியின் கீல் என்று படத்தில் பிடிபடாதவற்றை அளந்துகொள்ளுங்கள். ஆனால் கைப்பிடியையும் எழுத்தையும் அங்கிருந்து எடுக்காதீர்கள். பின்னால் வந்தவர்கள் மாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே, எந்தப் படம், எந்த ஆண்டு, அளந்ததா ஊகித்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

கடைசியாக வண்ணமும் எழுத்தும்

தொட்டி கறுப்பு. டோமிலிருந்து வழிந்த கச்சா எண்ணெயின் கறை, தூசி படிந்து பக்கவாட்டில் இறங்கியிருக்கும். சில வேகன்களில் கிராம்ப்ஸ் என்ற பெயர் பெரிய வெள்ளை எழுத்துகளில் இருந்தது, எல்லாவற்றிலும் அல்ல. உங்கள் வேகனில் இருந்ததா என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். தொட்டியும் பாதுகாப்பு வால்வும் சோதிக்கப்பட்ட தேதிகளைப் பொடி எழுத்தில் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். கடையில் வாங்கும் எழுத்துத் தாளில் ஏதோ ஓர் ஆண்டு அச்சாகியிருக்கும். அதை அப்படியே ஒட்டிவிடாமல் உங்கள் ஆண்டோடு ஒப்பிடுங்கள். 1949ஐக் காட்டும் மாதிரியில் 1952இன் சோதனைத் தேதி இருக்கக் கூடாது.