ரிஜிஸ்டரில் எழுதி வை, தாயி

அன்பு மகளுக்கு,

அரசு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். ரொம்பச் சந்தோஷம். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக நெட்வொர்க் வேலை பார்த்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வரும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறேன்.

சிட்கோவில் ஒரு சர்வர் படுத்துவிட்டால் லோடு ஏறாது, லாரி காத்துக் கிடக்கும். மறுநாள் சமாளித்துக்கொள்ளலாம். நான்கு வழிச்சாலையில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு 108 வண்டி டோல்கேட்டைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் பறக்கிறதே, அந்த உயிருக்கு மறுநாள் என்ற பேச்சே இல்லை. இனி உன் வேலை அந்த உயிரோடு சேர்ந்தது.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் என்ற பணம் பறிக்கும் வைரஸ் புகுந்தது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவலைப் பூட்டிவிட்டார்கள். ஓ.பி. பதிவு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் முடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதியே ஓட்டினார்கள். நம் தோப்பூர் எய்ம்ஸும் இப்படி ஒரு நெட்வொர்க்கை நம்பித்தான் இயங்கப்போகிறது.

கையால் எழுதுவது வார்டில் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார். நம் பக்கத்து ஆண்கள் வார்டில் எப்போதும் இரண்டு மூன்று முருகன் இருப்பார்கள். ரத்த மாதிரி எடுத்த குழாயில் பார்கோடு இல்லை. நர்ஸம்மா பேனாவால் ‘முருகன், 52’ என்று எழுதி அனுப்புகிறார். லேபிலிருந்து சீட்டு திரும்பி வரும்போது அது எந்த முருகனின் ரத்த வகை? அதனால் முதல் மாதமே விசாரி. கம்ப்யூட்டர் ஓடாத நாளுக்கென்று அச்சடித்த படிவம் இருக்கிறதா? அதில் தகப்பனார் பெயர், வார்டு, பெட் நம்பர், வரிசை எண்ணுக்கு இடம் இருக்கிறதா? கணினியைத் தொடாமல் ஒரு நாளாவது ஒத்திகை பார்த்திருக்கிறார்களா?

எய்ம்ஸைக் காப்பாற்றியது தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வர். நெட்வொர்க்கைச் சரிவரப் பகுதி பிரிக்காததுதான் தாக்குதலுக்குக் காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆகவே ஒரு பேக்கப்பையாவது நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வை. எடுத்து வைத்தால் மட்டும் போதாது, மீட்டும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் தொழில். இதற்கு மேல் ஒரு கடமை இருக்கிறது: எழுதி வைப்பது. எய்ம்ஸ் சம்பவத்தின்போது இரண்டு சிஸ்டம் அனலிஸ்ட்டுகளை சஸ்பெண்ட் செய்ததாகச் செய்தி வந்தது. பழி கீழே இருப்பவர்மேல் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது பார். பணம் ஒதுக்காதவர் யார், எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டவர் யார் என்ற கேள்விக்குக் காகிதத்தில்தான் பதில் இருக்கும்.

பிரிட்டனில் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் தாக்கியபோது ஐந்து மருத்துவமனைகள் ஆம்புலன்ஸ்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கையை வெளியிட்டது. எச்சரிக்கை முன்பே போயிருந்தது, யார் அதன்படி செய்தார்கள் என்பதைத் துறை சரிபார்க்கவில்லை என்று அரசின்மீதே குற்றத்தை எழுதியது. அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இங்கே 2022 ஏப்ரல் உத்தரவின்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் போக வேண்டும். 180 நாள் லாகுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் 2023 நவம்பரில் அந்த அமைப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். மக்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இது சரியில்லை என்று பகிரங்கமாகவே சொல்கிறேன். நோயாளி விவரங்களையும் பாதுகாப்பு நுணுக்கங்களையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு சம்பவத்தின் அறிக்கையையும் குறித்த கெடுவுக்குள் சட்டமன்றத்தில் வைக்க மாநில அரசுக்கு என்ன தடை?

உன் மருத்துவமனைக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கே பொதுத் தகவல் அலுவலர் உண்டு. நாளைக்கு ஒரு நோயாளியின் மகன் மனுப் போட்டால், கோப்பில் இருப்பதைத்தான் அவரால் கொடுக்க முடியும். கோப்பு காலியாக இருந்தால் அன்றைக்கு எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடும். பழைய விண்டோஸை மாற்றணும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி நிறுத்தாதே. நோட் போட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு. நிதியில்லை என்றால் அதையும் எழுத்தில் கேள். தாக்குதல் நடந்தால் மணி வாரியாகக் குறித்து வை. கொஞ்சம் பார்த்து மாற்றி எழுதும்மா என்று யார் சொன்னாலும் மாற்றாதே.

இந்த வாரமே ஒரு நீள ரிஜிஸ்டர் வாங்கு. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கு. பேக்கப்பைக் கடைசியாக மீட்டுப் பார்த்த தேதியை முதல் பதிவாக எழுது. அப்படியொரு தேதியே இல்லையென்றால், இல்லை என்று எழுது.

அன்புடன்,
உன் கப்பலூர்ப் பெரியப்பா