மாட்டின் மருந்தும் பாறுக் கழுகும்

கூலி பெறாது உழவனுக்கு உழைத்து வந்த பறவை, பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு. இறந்த மாட்டின் உடலை அழுகுமுன் தின்று தீர்ப்பது அதன் தொழில். 1990-களில் தொடங்கி, இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன.

பாகிஸ்தானில் நடைபெற்று 2004-இல் வெளியான ஆராய்ச்சி இதன் காரணத்தைக் காட்டிற்று. மாட்டின் வலிக்கும் வீக்கத்திற்கும் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே அது. ஊசி போட்ட சில நாட்களில் மாடு இறப்பின், மருந்து உடலில் எஞ்சி நிற்கும். அதனைத் தின்ற பாறு, சிறுநீரகம் கெட்டு மடியும். ஓர் உடலைப் பல பாறுகள் கூடி உண்பதால், ஒரே ஊசி ஒரு கூட்டத்தையே அழிக்கக்கூடும்.

இந்திய அரசு இம்மருந்தைக் கால்நடைக்கு 2006-இல் தடை செய்தது; கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் 2023-இல் தடை செய்தது. மனிதருக்குரிய டைக்ளோஃபினாக்கை மாட்டிற்குப் போடுவதைத் தடுக்க, அதன் ஊசிக் குப்பி 2015-இல் 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது.

அதற்காக மாட்டை வலியில் தவிக்க விட வேண்டுவதில்லை. மெலாக்சிகாம் என்னும் மருந்து மாட்டின் வலியைத் தணிக்கும்; பாறுக்கும் தீங்கு செய்யாது.

நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் எஞ்சியுள்ளன. பாறு நெடுந்தூரம் பறந்து இரை தேடுவது. ஆதலின் ஒரு வீட்டார் மட்டும் விலக்கினால் போதாது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேட்டறிதல் வேண்டும். இதுவும் கூட்டுறவே.