பாடம் 9: நாத்தும் நாற்றும்

பிள்ளைகளே, உங்கள் தட்டில் இருப்பது சோறு. உலையில் போடுவதற்கு முன்னால் அது அரிசி. உமி நீக்காமல் இருந்தால் நெல். வயலில் பச்சையாக நிற்கும்போது நெற்பயிர். பர்மிய மொழியிலும் இப்படித்தான்: நெல்லுக்கு ஸபா, அரிசிக்கு சன், சோற்றுக்குத் தமின். ஜப்பானியர்கள் பயிரை இனே என்றும், அரிசியைக் கொமே என்றும், சோற்றைக் கோஹான் என்றும் சொல்கிறார்கள். நெல்லோடு ரொம்ப நாள் பழகிய மக்களுக்கு ஒரு சொல் போதாது!

நான் படித்தது வெளிநாட்டில். செய்வது கணினி வேலை. நாள் முழுக்க நாற்காலிதான். போன மழைக்காலத்தில் இரண்டு நாள் வயலில் இறங்கி வேலை செய்தேன். யாங்கோனில் இருப்பவர்களுக்கு வயல் தூரமில்லை. பன்சோடான் துறையில் படகு ஏறி, ஆற்றைக் கடந்து தலாவில் இறங்கி, துவாண்டே போகும் சாலையில் கொஞ்ச நேரம் போனால் இரண்டு பக்கமும் வயல்தான்.

அங்கே ஒரு தமிழ்த் தாத்தா நெல் பயிரிடுகிறார். அவருடைய பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். வயல் தாத்தாவுக்குச் சொந்தமில்லை, குத்தகை.

முதலில் ஒரு சின்ன இடத்தில் விதையை நெருக்கமாக விதைக்கிறார்கள். அந்த இடத்துக்கு நாற்றங்கால் என்று பெயர். ஏறக்குறைய ஒரு மாதத்தில் நாற்று ஒரு முழம் வளர்ந்துவிடும். அதைப் பறித்து, வேரில் இருக்கும் சேற்றை அலசி, கட்டாகக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுக்கு 'முடி' என்று பெயர். தலைமுடி இல்லை, நாற்று முடி! பிறகு உழுத வயலில் நட வேண்டும்.

"தாத்தா, ஒரு இடத்துல எத்தனை நாத்து வைக்கணும்?"

"மூணு, நாலு போதும் தாயி. ஆழமா அமுக்காத. வேரு மறைஞ்சாப் போதும்."

"ஏன் எல்லாரும் பின்னாடியே நடக்குறாங்க?"

"முன்னாடி நடந்தா நட்டத நீயே மிதிச்சிருவ!"

நடவு நட்டவர்கள் எல்லாரும் பெண்கள். முகத்தில் தனாக்கா, தலையில் பெரிய ஓலைத் தொப்பி. நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவர்கள் நாலு வரிசை முடித்துவிட்டார்கள். குனிந்தே இருந்ததில் இடுப்பு வலித்தது. கணுக்காலில் ஒரு அட்டை வேறு! தாத்தா சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார், அட்டை விழுந்துவிட்டது.

எனக்கு அதிகம் பிடித்த வேலை வரப்பைப் பார்ப்பதுதான். வயலைச் சுற்றி இருக்கும் மண் கரைதான் வரப்பு. நண்டு அதில் வளை தோண்டும். வளை வழியாகத் தண்ணீர் ஓடிவிடும். தாத்தா வரப்பில் நடந்துகொண்டே காலாலேயே சேற்றைத் தள்ளி ஓட்டையை அடைப்பார். பேச்சு நிற்காது, நடையும் நிற்காது. எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அவருக்கு மனக்கணக்கு. தண்ணீர் உள்ளே வரவும் வெளியே போகவும் வரப்பில் வெட்டிய வழிக்கு மடை என்று பெயர். அந்தச் சொல்லை நான் அங்கேதான் முதலில் கேட்டேன்.

தமிழர்கள் இந்த வயலுக்கு எப்படி வந்தார்கள்? 1852-ல் ஆங்கிலேயர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். அப்போது ஐராவதி ஆறு கடலில் கலக்கும் பகுதி பெரும்பாலும் காடும் சதுப்பும்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது சுலபமானது. வடக்கேயிருந்து வந்த பர்மிய உழவர்கள் காட்டைத் திருத்தி வயலாக்கினார்கள். 1850-களில் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம் 1930-களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அறுவடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டும். தமிழர்களும் தெலுங்கர்களும் கப்பல் கப்பலாக வந்தார்கள்.

உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும் தமிழர்களே, செட்டியார்கள். 1930-ல் உலகம் முழுவதும் நெல் விலை விழுந்தது. உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. நெல் அதிகம் விளையும் 13 மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் அது 25 பங்கு ஆனது. காட்டைத் திருத்திய பர்மிய உழவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கோபம் வந்தபோது, கடன் கொடுத்தவர் யார், கூலிக்குக் களை எடுத்தவர் யார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

1942-ல் போருக்குப் பயந்து லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். பலர் நடந்தே போனார்கள். வழியிலேயே இறந்தவர்களும் நிறைய. 1960-களில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது இன்னும் நிறையப் பேர் கிளம்பினார்கள். சென்னையில் பர்மா பஜார் இருப்பதும், அங்கே அத்தோ விற்பதும் அவர்களால்தான். தாத்தாவின் குடும்பம் போகவில்லை. "வயல்ல நாத்து இருந்துச்சு, எப்படிப் போறது?" என்று அவருடைய அப்பா கேட்டாராம்.

இங்கே நெல்லைத் தின் என்ற கூடைக் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு தின் நெல் சுமார் 21 கிலோ. தாத்தா பர்மியர்களிடம் "தின்" என்பார், என்னிடம் "கூடை" என்பார். தாத்தாவின் பேரன் யாங்கோனில் கைப்பேசி பழுது பார்க்கிறான். அவன் தமிழ் பேசுவான், ஆனால் வரப்பு, மடை, பதர் என்றால் அவனுக்குத் தெரியாது. "வயலுக்கு வராதவனுக்கு அது எதுக்கு?" என்று தாத்தா சிரித்தார். நான் அன்று இரவே அந்தச் சொற்களை எல்லாம் எழுதி வைத்தேன். இந்தப் பாடத்தில் இருப்பவை அவைதான்.

இப்போது தாத்தாவின் பேச்சைக் கவனியுங்கள். நாற்று என்று எழுதுகிறோம், நாத்து என்று பேசுகிறோம். ற்ற வரும் இடத்தில் பேச்சில் பெரும்பாலும் த்த வரும். காற்று, காத்து. சேற்றில், சேத்துல. இரண்டும் தமிழ்தான். தாத்தா பேசுவது தப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பயிற்சி

இதை எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்: "நேத்து ஆத்துல தண்ணி வந்துச்சு. நாத்து மூழ்கிருச்சு."

நெல், அரிசி, சோறு மூன்றையும் வைத்து ஒரே வாக்கியம் எழுதுங்கள்.

வீட்டில் தாத்தா, பாட்டி அல்லது வேறு பெரியவரிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் கடைசியாக வயலில் வேலை செய்தவர் யார்? எந்த ஊரில்? அவருக்குத் தெரிந்த வயல் சொற்கள் ஐந்தை, அவர் சொன்னபடியே எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.